செயற்கைக்கோளுக்கும் தேய்மானம் உண்டு

போன பதிவில் கேளம்பாக்கம் உப்பளங்களைப் பற்றி எழுதியிருந்தேன். இந்த முறை உப்பளத்திலிருந்து நேராக விண்வெளிக்குப் போகிறோம். என்னடா சம்பந்தம் என்று கேட்காதீர்கள், சம்பந்தமில்லாமல் எழுதுவதுதான் இந்தப் பக்கத்தின் கொள்கை :-)

எல்லாம் ஒரு சின்ன வாக்குவாதத்தில் ஆரம்பித்தது. சிறுசேரியிலிருந்து ஸ்ரீஹரிகோட்டா நேர்கோட்டில் சுமார் 100 கிலோமீட்டர்தான். வானம் தெளிவாக இருக்கும் இரவுகளில் மொட்டைமாடியில் நின்று வடக்கே பார்த்தால் ராக்கெட் ஏறுவது தெரியும். ஒரு செம்மஞ்சள் புள்ளி எழும்பும், சாயும், மறைந்துவிடும். அப்படிப் பார்த்துக்கொண்டிருந்தபோது என் வகுப்பு நண்பன் கேட்டான்: "டேய், மேலே போயிட்டா காத்தே இல்லை. உராய்வும் இல்லை. அப்புறம் ஏன்டா சேட்டிலைட்டெல்லாம் கொஞ்ச வருஷத்துல கீழே விழுந்துடுது?"

"புவியீர்ப்புடா" என்று சொல்லிச் சமாளித்தேன். அது தப்பான பதில். நிலாவையும்தான் பூமி ஈர்க்கிறது, அது விழவில்லையே! சரியான பதிலைத் தேடிப் போனதில் கிடைத்ததுதான் இந்தக் கட்டுரை. நான் பி.காம். இயற்பியல் மாணவர்கள் அடிக்க வராமல், தவறு இருந்தால் சொல்லித் திருத்துங்கள்.

ஒன்பது நாளும் ஏழு வருடமும்

1981 மே 31. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து எஸ்.எல்.வி-3 ராக்கெட் ரோகிணி ஆர்.எஸ்-டி1 என்ற செயற்கைக்கோளைச் சுமந்து கிளம்பியது. எடை 38 கிலோ. உள்ளே ஒரு சின்ன கேமரா. ராக்கெட்டால் நினைத்த உயரத்துக்குக் கொண்டுபோக முடியவில்லை. பூமியிலிருந்து குறைந்தபட்சம் 186, அதிகபட்சம் 418 கிலோமீட்டர் தூரத்தில் ஒரு நீள்வட்டப் பாதையில்தான் அதை விட முடிந்தது. ஒன்பது நாள் சுற்றியது. பிறகு காற்றில் நுழைந்து எரிந்துபோனது.

1983 ஏப்ரல் 17. அதே இடம், அதே வகை ராக்கெட். இந்த முறை ஆர்.எஸ்-டி2, எடை 41.5 கிலோ. பாதை 371-க்கு 861 கிலோமீட்டர். இது 1990 ஏப்ரல் 19 வரை, அதாவது ஏழு வருடம் மேலேயே இருந்தது.

குறைந்தபட்ச உயரம் இரண்டு மடங்குதான் ஆனது. ஆயுளோ ஒன்பது நாளிலிருந்து ஏழு வருடம்! உயரே போகப் போகக் காற்று எவ்வளவு வேகமாக மெலிகிறது என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் நம் நாட்டு வரலாற்றில் எனக்குக் கிடைக்கவில்லை.

அப்படியென்றால் மேலே காற்று இருக்கிறதா? இருக்கிறது. ஆனால் எவ்வளவு தெரியுமா? கோவளம் கடற்கரையில் ஒரு கன கிலோமீட்டர் காற்றை அப்படியே அள்ளி நிறுத்துப் பார்த்தால் ஏறக்குறைய 12 லட்சம் டன் இருக்கும். 186 கிலோமீட்டர் உயரத்தில் அதே கன கிலோமீட்டரில் அரைக் கிலோ கூடத் தேறாது. 400 கிலோமீட்டரில் சில கிராம், அவ்வளவுதான். ஒரு டீஸ்பூன் சர்க்கரை மாதிரி.

ஆனால் செயற்கைக்கோள் நொடிக்கு எட்டு கிலோமீட்டருக்குச் சற்றுக் குறைவான வேகத்தில் அந்தச் சில கிராமில் மோதிக்கொண்டே போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் உயரம் குறைகிறது. கீழே வந்தால் காற்று அடர்த்தி அதிகம், அதனால் இன்னும் வேகமாகக் குறைகிறது. கடைசி நாட்களில் சரசரவென்று இறங்கிவிடும்.

பிளஸ் டூவில் கணக்குப்பதிவியல் படித்தவர்களுக்கு இந்த இடத்தில் ஒரு சொல் ஞாபகம் வரும். தேய்மானம்! பத்து லட்சத்துக்கு வாங்கிய எந்திரம் வருடா வருடம் மதிப்பில் தேய்கிற மாதிரி, செயற்கைக்கோள் உயரத்தில் தேய்கிறது. ஆனால் ஒரு பெரிய வித்தியாசம். நம் கணக்கில் தேய்மான விகிதம் 10 சதவீதம் என்றால் எல்லா வருடமும் 10 சதவீதம்தான். நேர்க்கோட்டு முறையோ, குறைந்து செல் மதிப்பு முறையோ, விகிதத்தை நாம் முடிவு செய்கிறோம். மேலே அந்த விகிதத்தை முடிவு செய்வது வேறு ஒருவர். அவர் யார் என்று கண்டுபிடித்த கதைதான் இனி வருவது.

தும்பாவில் ஓர் ஆரஞ்சு மேகம்

மேல் காற்றை எப்படி அளப்பது? பாரமானியைத் தூக்கிக்கொண்டு கொடைக்கானல் மலை ஏறலாம், இரண்டு கிலோமீட்டர்தான். பலூன் விட்டால் 30, 40 கிலோமீட்டர். அதற்கு மேல் போக ராக்கெட்தான் வழி.

1963 நவம்பர் 21 அன்று மாலை, திருவனந்தபுரம் அருகே தும்பா என்ற மீனவ கிராமத்திலிருந்து இந்தியாவின் முதல் ஆய்வு ராக்கெட் கிளம்பியது. அமெரிக்கா கொடுத்த நைக்கி-அப்பாச்சி. அலுவலகமாக இருந்தது ஒரு தேவாலயம். விக்ரம் சாராபாய், அப்துல் கலாம், சைக்கிள் எல்லாம் நமக்கு மனப்பாடம். ஆனால் அந்த ராக்கெட் எதற்காகப் போனது என்று கேட்டால் பெரும்பாலும் தெரியாது. எனக்கும் தெரியாமல்தான் இருந்தது.

அது கொண்டுபோனது பிரான்ஸ் கொடுத்த சோடியம். மேலே போய் சோடியம் ஆவியை ஒரு கோடு மாதிரி விட்டது. தரையில் இருட்டிவிட்டது, ஆனால் அந்த உயரத்தில் இன்னும் வெயில் இருந்தது. வெயில் பட்டு சோடியம் ஆரஞ்சு நிறத்தில் ஒளிர்ந்தது. அந்த மேகம் எந்தப் பக்கம் நகர்கிறது என்று படமெடுத்தால் மேல் காற்றின் வேகம் தெரியும். எவ்வளவு சீக்கிரம் பரவிக் கலைகிறது என்று பார்த்தால் அங்கே காற்று எவ்வளவு மெலிந்திருக்கிறது என்பதும் தெரியும். அதாவது நம் விண்வெளித் திட்டத்தின் முதல் நாள் வேலையே மேல் காற்றை அளப்பதுதான்! நிலாவுக்குப் போவதெல்லாம் பிறகு வந்த கதை.

1970-ன் கடைசியிலிருந்து சோவியத் நாட்டின் எம்-100 ராக்கெட்டுகள் தும்பாவிலிருந்து வாரம் ஒன்று வீதம் பல ஆண்டுகள் ஏவப்பட்டன. 1992-ல் திருநெல்வேலியில் ஒரு ரேடார் வந்தது, அது 70 முதல் 100 கிலோமீட்டர் வரை காற்றோட்டத்தைக் கவனித்தது. திருப்பதி பக்கம் காதங்கியில் 1998-ல் வந்த லேசர் கருவி 30 முதல் 80 கிலோமீட்டர் வரை காற்றின் அடர்த்தியை அளந்தது. எல்லாம் நல்ல வேலை. ஆனால் செயற்கைக்கோள்கள் சுற்றும் 200, 400, 600 கிலோமீட்டரில்? அங்கே ராக்கெட் போனாலும் சில நிமிடம்தான் இருக்கும். சில நிமிட அளவை வைத்து ஆண்டு முழுவதும் எப்படி என்று சொல்ல முடியாதே.

விழுகிறவனே அளவுகோல்

இதற்கு விடை சோவியத்தின் ஸ்புட்னிக்கிலிருந்து வந்தது. 1957 அக்டோபர் 4 அன்று மேலே போய் 1958 ஜனவரி 4 அன்று விழுந்த அந்த உருண்டையில் காற்றை அளக்கும் தனிக் கருவி எதுவும் இல்லை. ஆனால் அது எவ்வளவு வேகமாக இறங்குகிறது என்று பார்த்தாலே அங்கே எவ்வளவு காற்று இருக்கிறது என்று கணக்குப் போடலாமே! போட்டுப் பார்த்தார்கள். 200 கிலோமீட்டருக்கு மேலே, அதுவரை நினைத்திருந்ததைவிடப் பல மடங்கு காற்று இருந்தது.

இங்கிலாந்தில் கிங்-ஹீலி, அமெரிக்காவில் லூயிஜி யாக்கியா ஆகியோர் இதையே முழுநேர வேலையாக எடுத்துக்கொண்டார்கள். யாக்கியா இருந்த ஸ்மித்சோனியன் வானியல் ஆய்வகம், உலகம் முழுக்க 12 இடங்களில் பேக்கர்-நன் என்ற பெரிய கேமராக்களை வைத்துச் செயற்கைக்கோள்களைப் படமெடுத்தது. அந்தப் பன்னிரண்டில் ஒன்று நம் நைனிடாலில் இருந்தது! 1950-களின் இறுதியில் தொடங்கி 1976 வரை அங்கே 45 ஆயிரத்துக்கும் மேற்பட்ட முறை செயற்கைக்கோள்களின் கடப்பைப் படமெடுத்திருக்கிறார்கள். குளிரில் விழித்திருந்து, நட்சத்திரங்களுக்கு நடுவே நகரும் ஒரு சின்னக் கோட்டைப் பிடிக்கிற வேலை. மேல் காற்றின் கணக்குப் புத்தகத்தில் நாமும் பதிவு போட்டிருக்கிறோம் என்று படித்தபோது சந்தோஷமாக இருந்தது.

இப்படிச் சேர்ந்த கணக்கைப் பார்த்துக்கொண்டிருந்த யாக்கியாவுக்கு ஒரு விஷயம் உறுத்தியது. செயற்கைக்கோள் ஒரே சீராக இறங்கவில்லை. சில நாள் வேகமாக, சில நாள் மெதுவாக. அந்த ஏற்ற இறக்கம் ஏறக்குறைய 27 நாளுக்கு ஒரு முறை திரும்பி வந்தது. பூமியிலிருந்து பார்த்தால் சூரியன் தன்னைத் தானே ஒரு முறை சுற்றிக்கொள்ளும் காலமும் ஏறக்குறைய 27 நாள்!

குற்றவாளி பிடிபட்டார். தேய்மான விகிதத்தை முடிவு செய்பவர் சாட்சாத் சூரிய பகவான்.

அடுப்பில் வைத்த பால்

சூரியன் எப்படி இங்கே கை வைக்கிறது? அடுப்பில் பால் வைத்தால் பாத்திரத்தின் விளிம்பில் முதலில் ஒன்றும் இருக்காது. தீயைக் கூட்டினால் பொங்கி விளிம்பைத் தொடும். பாலின் எடை கூடவில்லை, எழும்பியிருக்கிறது. அவ்வளவுதான். சூரியனின் புறஊதாக் கதிர்கள் மேல் காற்றைச் சூடாக்கும்போதும் இதேதான் நடக்கிறது. காற்று உப்பி மேலெழுகிறது. 400 கிலோமீட்டரில் சுற்றுகிற செயற்கைக்கோளுக்குத் திடீரென்று வழியில் கூட்டம் கூடிவிட்ட மாதிரி.

இதில் பல தாளங்கள் உண்டு. தினமும் பிற்பகல் இரண்டு மணி வாக்கில் காற்று உப்பும், பின்னிரவில் அடங்கும். 27 நாளில் ஒரு சுற்று. இவற்றுக்கெல்லாம் மேல், சுமார் 11 வருடத்துக்கு ஒரு முறை சூரியப் புள்ளிகள் பெருகிக் குறைகிற பெரிய சுற்று. அந்தச் சுற்றின் உச்சத்துக்கும் அடிமட்டத்துக்கும் இடையே 400 கிலோமீட்டரில் காற்றின் அடர்த்தி சுமார் பத்து மடங்கு மாறலாம். இவை போதாதென்று சூரியப் புயல் வீசினால் சில மணி நேரத்திலேயே எல்லாம் தலைகீழ்.

மேலே சொன்ன ஆர்.எஸ்-டி2 விழுந்த 1990-ஐக் கவனியுங்கள். சூரியன் உச்சத்தில் இருந்த காலம் அது. 1975 ஏப்ரல் 19-ல் போன நம் முதல் செயற்கைக்கோள் ஆரியபட்டா, அந்த உச்சம் அடங்குவதற்குள் 1992 பிப்ரவரி 10-ல் விழுந்தது.

இங்கே நம் ஊர்க் கதை ஒன்று சொல்லியாக வேண்டும். 1876-ல் தொடங்கிய தாது வருஷப் பஞ்சத்தைப் பற்றிப் பாட்டிமார்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். செங்கல்பட்டுச் சீமையும் தப்பவில்லை. அந்தப் பஞ்சத்துக்குப் பிறகு, சூரியப் புள்ளிகளுக்கும் மழைக்கும் தொடர்பு இருக்கிறதா என்று பார்க்கவேண்டும் என்ற யோசனை வலுப்பெற்றது. கொடைக்கானலில் சூரிய ஆய்வகம் வந்ததற்கு அதுவும் ஒரு காரணம். இருபதாம் நூற்றாண்டின் ஆரம்பத்திலிருந்து அங்கே வானம் தெளிவாக இருக்கும் நாளெல்லாம் சூரியனைப் படமெடுத்திருக்கிறார்கள். நூறு வருடத்துக்கும் மேலான படங்கள்!

புள்ளியை வைத்து மழையைச் சொல்லும் கனவு பலிக்கவில்லை. ஆனால் அதே புள்ளிகள் மழை மேகத்துக்கெல்லாம் மேலே உள்ள காற்றைத் துல்லியமாக ஆட்டிவைக்கின்றன. சூரியனின் பழைய சுற்றுகள் எப்படி இருந்தன என்று ஆராய்கிறவர்களுக்குக் கொடைக்கானல் படங்கள் இன்று பெரிய சொத்து. பஞ்சத்துக்காகப் போட்ட விதை வேறு தோட்டத்தில் காய்த்திருக்கிறது.

டீக்கடைக் கணக்கு

காரணம் தெரிந்துவிட்டது, இனி முன்கூட்டிச் சொல்லலாமே? அங்கேதான் அடுத்த சிக்கல். மேல் காற்றைச் சூடாக்கும் புறஊதாக் கதிர் தரைக்கு வராது, மேலேயே உறிஞ்சப்பட்டுவிடும். தரையிலிருந்து அதை அளக்க முடியாது.

ஊரில் வியாபாரம் எப்படி என்று தெரிய ஒவ்வொரு கடையாகக் கேட்க முடியாது. பஸ் ஸ்டாண்டு டீக்கடையில் இன்று எத்தனை டீ போனது என்று கேட்டு ஊகிக்கலாம். அதே மாதிரி, சூரியனிலிருந்து வரும் 10.7 சென்டிமீட்டர் அலைநீள ரேடியோ அலை தரைக்கு வருகிறது. புறஊதாக் கதிர் கூடினால் பெரும்பாலும் இதுவும் கூடும். கனடாவில் 1947 முதல் இதைத் தினமும் அளக்கிறார்கள். இதைக் குறியீட்டெண்ணாக வைத்து யாக்கியா 1970, 71-ல் மாதிரிகள் உருவாக்கினார். இன்றைய சூரிய எண், தேதி, நேரம், இடம், உயரம் கொடுத்தால் அங்கே காற்று எவ்வளவு என்று சொல்லும். பிறகு ஆலன் ஹெடின் செயற்கைக்கோள் கருவிகளின் அளவுகளையும் ரேடார் அளவுகளையும் சேர்த்து எம்சிஸ் என்ற மாதிரியைச் செய்தார். திருத்தித் திருத்தி இன்றும் பயன்படுத்துகிறார்கள். 2000-க்குப் பிறகு சாம்ப், கிரேஸ் போன்ற செயற்கைக்கோள்கள் தங்கள் மீது காற்று தள்ளுவதை நுட்பமான கருவிகளால் நேரடியாகவே அளந்தன.

ஆனாலும் டீக்கடைக் கணக்கு டீக்கடைக் கணக்குதான். அமைதியான நாட்களிலேயே 10, 15 சதவீதம் பிழை சாதாரணம். புயல் நாட்களில் கேட்கவே வேண்டாம்.

கணக்கு தவறினால்

தவறினால் என்ன ஆகும்? என் தாத்தாவைக் கேட்டால் சொல்வார். 1979 ஜூலையில் திருக்கழுக்குன்றம் பக்கம் சொர்ணவாரி அறுப்புக்கு ஆளே வரவில்லையாம். "ஸ்கைலாப் தலையில விழுந்துடும்னு எல்லாரும் வீட்டுக்குள்ள உட்கார்ந்துட்டாங்கப்பா. கடன் வாங்கிக் கோழி அடிச்சுத் தின்னவங்க கூட உண்டு."

ஸ்கைலாப் என்பது 1973-ல் அமெரிக்கா அனுப்பிய 77 டன் விண்வெளி நிலையம். 1974-ல் கடைசிக் குழு இறங்கிய பிறகு, 1980-களின் தொடக்கம் வரை அது தாங்கும், அதற்குள் விண்வெளி ஓடம் தயாராகிவிடும், மேலே தள்ளிவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தார்கள். சூரியன் அவர்கள் எதிர்பார்த்ததைவிடச் சுறுசுறுப்பாகிவிட்டது. காற்று உப்பியது. 1979 ஜூலை 11 அன்று இந்தியப் பெருங்கடலிலும் மேற்கு ஆஸ்திரேலியாவிலும் துண்டுதுண்டாக விழுந்தது. ஓடம் முதன்முதலில் பறந்ததோ 1981 ஏப்ரலில்! தேய்மான விகிதத்தைக் குறைத்துப் போட்டதால் வந்த வினை. அதன் பயம் செங்கல்பட்டு மாவட்டத்து வயல் வரை எட்டியது.

பழைய கதை என்று நினைக்கவேண்டாம். 2022 பிப்ரவரி 3 அன்று அனுப்பிய 49 ஸ்டார்லிங்க் செயற்கைக்கோள்களில் 38 தொலைந்தன. முதலில் 210 கிலோமீட்டரில் நிறுத்திச் சரிபார்த்துவிட்டு மேலே ஏற்றுவதுதான் அப்போது அவர்கள் வழக்கமாக இருந்தது. இந்த முறை ஒரு சுமாரான காந்தப் புயல் வந்தது, காற்றின் இழுவை முந்தைய முறைகளைவிட 50 சதவீதம் வரை கூடியது. ஏற முடியாமலே விழுந்துவிட்டன.

2024 மே 10-ல் வந்ததோ இருபது வருடங்களில் பெரிய புயல். லடாக்கில் வானம் சிவந்த படங்களை எல்லோரும் பகிர்ந்தோம். அந்த அழகின் மறுபக்கத்தை இஸ்ரோ வெளியிட்டது. வழக்கமாக நாளுக்குச் சுமார் 300 மீட்டர் இறங்கும் இ.ஓ.எஸ்-07 செயற்கைக்கோள், அப்போது ஒரே நாளில் 600 மீட்டர் இறங்கியிருந்தது. நாம் செல்போனில் படம் பார்த்து ரசித்துக்கொண்டிருந்தபோது மேலே தேய்மானம் இரட்டிப்பாகியிருக்கிறது.

பேரேட்டின் மறுபக்கம்

இதுவரை காற்றை வில்லனாகவே காட்டிவிட்டேன். பற்று இருந்தால் வரவும் இருக்குமே! மேலே துப்புரவுப் பணி செய்வதும் இதே காற்றுதான். செத்துப்போன செயற்கைக்கோள், ராக்கெட் துண்டு, உடைசல் எல்லாவற்றையும் காசு வாங்காமல் கீழே இழுத்து எரித்துவிடுகிறது.

ஆனால் மிக உயரத்தில் அதன் கை எட்டாது. 2011-ல் இந்தியாவும் பிரான்சும் அனுப்பிய மேகா-டிராபிக்ஸ் சுமார் 870 கிலோமீட்டரில் சுற்றியது. வேலை முடிந்தபின் அப்படியே விட்டிருந்தால் நூறு வருடத்துக்கு மேல் சும்மா சுற்றியிருக்கும். மிச்சமிருந்த சுமார் 125 கிலோ எரிபொருளைச் செலவழித்து, அதைப் படிப்படியாக அடர்ந்த காற்றுக்கு இறக்கி, 2023 மார்ச் 7 அன்று பசிபிக் கடல் மீது எரித்தது இஸ்ரோ.

இப்போது ஒரு கவலையான செய்தி. நாம் விடுகிற கார்பன்-டை-ஆக்சைடு கீழே பூமியைச் சூடாக்குகிறது அல்லவா? மேலே நேர்மாறு. அங்கே அது வெப்பத்தை வெளியே கதிர்வீச்சாக விட்டுக் காற்றைக் குளிரவைக்கிறது. 1989-லேயே ரோபிள், டிக்கின்சன் என்ற இருவர் இதைக் கணித்தார்கள். பல பத்தாண்டுகளாக விழுந்த பொருட்களின் கணக்கைத் திரும்பிப் பார்த்ததில், மேல் காற்று மெல்ல மெல்ல மெலிந்துவருவது உறுதியானது. அதாவது துப்புரவுப் பணியாளர் இளைத்துக்கொண்டே போகிறார். நாமோ ஆயிரக்கணக்கில் புதிய செயற்கைக்கோள்களை அனுப்பிக்கொண்டிருக்கிறோம். குப்பை கூடுகிறது, கூட்டுகிற கை தளர்கிறது. இந்த வரவு செலவு எப்படி நேராகும் என்று நினைத்தால் கொஞ்சம் பயமாகத்தான் இருக்கிறது.

நண்பனிடம் போய்ச் சரியான பதிலைச் சொன்னேன். "மேலே காற்று இருக்குடா. ஆனா எவ்வளவுன்னு சூரியனைத்தான் கேட்கணும்." கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, "அப்ப பேலன்ஸ் ஷீட்டுல சேட்டிலைட்டுக்கு எத்தனை சதவீதம் தேய்மானம் போடுவாங்க?" என்றான். பி.காம் புத்தி போகாது :-)

யோசித்துப் பார்த்தால் அது நல்ல கேள்விதான். புத்தகத்தில் எத்தனை சதவீதம் வேண்டுமானாலும் போடட்டும். 1981-ல் ஒன்பது நாளில் முடிந்த கணக்கை எழுதியது நாம் இல்லை. அடுத்த முறை வடக்கே அந்தச் செம்மஞ்சள் புள்ளி எழும்பும்போது, அது எவ்வளவு உயரம் போகிறது என்பதோடு, சூரியன் இப்போது எந்த மனநிலையில் இருக்கிறது என்பதையும் ஒரு நொடி நினைத்துப் பார்ப்பேன்.

உங்கள் வீட்டிலும் ஸ்கைலாப் கதை இருந்தால் பின்னூட்டத்தில் கட்டாயம் எழுதுங்கள்.